இன்ஜினுக்காகக் காத்திருந்த போர் விமானம்: இந்தியாவின் முதல் ஜெட் 'மாருத்'தை வடிவமைத்த குர்ட் டாங்க் யார்?

குத்தாலம், மயிலாடுதுறைக்காரர்களுக்கு காவிரி என்றால் ஆறு. மேட்டூர் எப்போ திறப்பாங்க, கடைமடைக்குத் தண்ணி எப்போ வரும் என்பதுதான் அங்கே பேச்சு. ஆனால் பெங்களூருவில் காவிரி என்ற பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அது ஒரு ஜெட் இன்ஜின். தேஜஸ் போர் விமானத்துக்காக உள்நாட்டிலேயே உருவாக்கத் தொடங்கிய இந்த இன்ஜின், எதிர்பார்த்த திறனை எட்டாததால் 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றைக்கும் தேஜஸ் பறப்பது அமெரிக்க இன்ஜினில்தான்.

விமானம் ரெடி, அதற்கேற்ற இன்ஜின் மட்டும் இல்லை. இந்தக் கதை இந்தியாவுக்குப் புதுசில்லை. தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது 2001-ல். அதற்குச் சரியாக 40 வருஷம் முன்னாடி, 1961-ல், பெங்களூருவில் இருந்து இன்னொரு விமானம் மேலே எழும்பியது. அதன் பெயர் எச்.எஃப்-24 மாருத். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் ஜெட் போர் விமானம். மாருத் என்றால் காற்று. தமிழில் மந்தமாருதம் என்கிறோமே, அதே சொல்தான். ஆனால் இது மந்தமாக வீசுகிற காற்று இல்லை, புயல்.

அந்த விமானத்தை வடிவமைத்தவர் ஒரு ஜெர்மானியர். பெயர் குர்ட் டாங்க். (போர்க்கள டாங்கிக்கும் இவர் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) ஹிட்லர் காலத்து ஜெர்மனியின் மிகச் சிறந்த போர் விமானங்களில் ஒன்றைச் செய்தவர், பெங்களூருவுக்கு எப்படி வந்தார்? அவர் செய்த விமானத்துக்கு இங்கே என்ன ஆச்சு? பார்க்கலாம்.

தரைத்தாக்குதல் விமானம் என்றால் என்ன?

போர் விமானம் என்றதும் வானத்தில் ஒன்றையொன்று துரத்திச் சுடுகிற காட்சிதான் மனசில் வரும். தரைத்தாக்குதல் விமானத்தின் வேலை வேறு. அது தாழப் பறந்து போய் எதிரியின் டாங்கிகள், பாலங்கள், ரயில் பாதை, ராணுவ முகாம் போன்றவற்றை அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

தாழப் பறப்பது என்றால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. குத்தாலத்திலிருந்து கும்பகோணம் சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம் கூட ஆகும். மாருத் தரைக்குப் பக்கத்தில் மணிக்கு சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதாவது ஒன்றரை நிமிஷத்துக்குள் கும்பகோணம் பின்னால் போய்விடும். அந்த நேரத்துக்குள் விமானி இலக்கைக் கண்டுபிடிக்கணும், குறி வைக்கணும், அடிக்கணும், மூக்கைத் தூக்கி மேலே வரணும். கீழேயிருந்து சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவர்கூட சுடலாம்.

அதனால் இந்த வகை விமானத்துக்கு மூன்று விஷயம் முக்கியம். தாழ்வான, முரட்டுக் காற்றிலும் ஆடாமல் நிலையாகப் பறக்க வேண்டும். அடிபட்டாலும் வீடு வந்து சேர வேண்டும். பாரம் சுமந்துகொண்டு சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும். முதல் இரண்டும் வடிவமைப்பாளர் கையில். மூன்றாவது பெரும்பாலும் இன்ஜின் கையில். டாங்க்கின் வாழ்க்கை முழுக்க இந்த மூன்றாவதோடு மல்லுக்கட்டிய கதைதான்.

குதிரைப் படை வீரர்

குர்ட் டாங்க் பிறந்தது 1898 பிப்ரவரி 24. ஊர் புரோம்பெர்க், இன்றைக்கு அது போலந்தில் பிட்கோஷ்ச் என்ற பெயரில் இருக்கிறது. முதல் உலகப்போர் வந்தபோது பையனுக்கு விமானப்படையில் சேர ஆசை. குடும்ப வழக்கப்படி அப்பா அனுப்பி வைத்தது குதிரைப் படைக்கு. சண்டையில் காயமும் பட்டார், பதக்கமும் வாங்கினார். போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். அங்கே மாணவர்கள் சேர்ந்து கிளைடர் செய்து பறக்கும் குழு ஒன்றைத் தொடங்கியபோது அதில் இவரும் ஒருவர். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

ரோர்பாக் என்ற நிறுவனத்தில் கடல் விமானங்கள், பிறகு கொஞ்ச காலம் மெஸ்ஸர்ஷ்மிட்டின் நிறுவனம், 1931-ல் பிரேமன் நகரத்து ஃபோக்க-வுல்ஃப். அடுத்த 14 வருஷம் அங்கேதான்.

டாங்க்கிடம் மற்ற வடிவமைப்பாளர்களிடம் அவ்வளவாக இல்லாத ஒரு பழக்கம் இருந்தது. தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பார். கொஞ்ச தூரம் பெயருக்கு ஓட்டுவது இல்லை, முறையான சோதனைப் பறத்தல். 1937-ல் நான்கு இன்ஜின் பயணிகள் விமானம் கொண்டோரைச் செய்தபோது அதன் முதல் பறத்தலில் விமானி இருக்கையில் இருந்தவர் அவர்தான். அடுத்த வருஷம் அதே வகை விமானம் பெர்லினில் கிளம்பி எங்கேயும் நிற்காமல் சுமார் 25 மணி நேரத்தில் நியூயார்க் போய் இறங்கி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

சாகசக் காட்சியிலும் அவருடைய விமானங்கள் பிரபலம். ஸ்டீக்லிட்ஸ் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் 1930-களில் ஐரோப்பிய சாகச விமானிகளுக்குச் செல்லப்பிள்ளை. ஸ்டோசர் என்ற இன்னொரு பயிற்சி விமானத்தின் கதை சுவாரசியமானது. முதல் உலகப்போர் நாயகரும் சாகச விமானியுமான எர்ன்ஸ்ட் உடெட், அந்த ஸ்டோசரைச் செங்குத்தாகக் கீழே பாயவிட்டு குண்டு போட்டுப் பார்த்தார். மேலேயிருந்து பாய்ந்து, குறிவைத்து, தரைக்குக் கொஞ்சம் மேலே மூக்கைத் தூக்குவது. கூட்டம் கைதட்டுகிற சாகசமும், தரைத்தாக்குதலும் வடிவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் குண்டு இருக்கும், இன்னொன்றில் புகை இருக்கும்.

ரேக்ளா மாடா, வண்டி மாடா?

1930-களின் கடைசியில் எல்லா நாடும் ஒல்லியான, அதிவேகப் போர் விமானத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. டாங்க்கின் எண்ணம் வேறு. பந்தயக் குதிரை அழகாக ஓடும், ஆனால் சேற்றிலும் பனியிலும் நாள் கணக்கில் சண்டைக்கு நிற்காது என்பது குதிரைப் படையில் அவர் கண்ணால் பார்த்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், அவர் தேடியது ரேக்ளா மாட்டை இல்லை, பாரம் இழுக்கிற வண்டி மாட்டை.

அப்படி வந்ததுதான் ஃபோக்க-வுல்ஃப் 190. முதல் பறத்தல் 1939 ஜூன் 1. ஓட்டியவர் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஹன்ஸ் சாண்டர். அன்றைய ஜெர்மன் போர் விமானங்களில் தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜின்தான் வழக்கம். அதில் ரேடியேட்டரில் ஒரு தோட்டா பட்டால் போதும், சில நிமிஷத்தில் இன்ஜின் நின்றுவிடும். டாங்க் தேர்ந்தெடுத்தது காற்றால் குளிரும் வட்ட வடிவ இன்ஜின். சிலிண்டர் ஒன்றிரண்டு போனாலும் ஓடும். சக்கரங்களை அகலமாக வைத்தார், கரடுமுரடான வயல்வெளித் தளத்திலும் கவிழாமல் இறங்கலாம்.

ஆரம்பத்தில் அந்த இன்ஜின் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முதல் பறத்தலிலேயே விமானி அறை கொதித்துப்போய், சாண்டர் காலை வைக்க முடியாமல் தவித்தார். இன்ஜினையே மாற்றி, பி.எம்.டபிள்யூ-வின் புதிய இன்ஜினை வைத்து, அதையும் சரிசெய்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. ஆனால் 1941-ல் இது களத்துக்கு வந்தபோது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானிகள் திணறிப் போனார்கள். 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி திசை தவறி வேல்ஸில் உள்ள பிரிட்டிஷ் தளத்திலேயே இறங்கிவிட, பிரிட்டனுக்கு முழு விமானம் ஒன்று சும்மா கிடைத்தது. அதைப் பிரித்துப் படித்த பிறகுதான் அதன் பலமும் பலவீனமும் அவர்களுக்குத் தெரிந்தது.

பிற்காலத்தில் வயிற்றுப் பகுதியில் கவசத் தகடு சேர்த்து, குண்டு மாட்டி, இதையே தரைத்தாக்குதலுக்கு மாற்றினார்கள். பழைய ஸ்டூக்கா பாய்ச்சல் விமானங்களின் இடத்தை அது பிடித்தது. எல்லா வகையும் சேர்த்து சுமார் 20,000 விமானங்கள் கட்டப்பட்டன. டாங்க்கைக் கௌரவிக்க, அவருடைய புதிய விமானங்களுக்கு நிறுவனப் பெயருக்குப் பதில் அவர் பெயரின் முதல் எழுத்துகளையே முன்னொட்டாக வைக்கும் அளவுக்குப் போனது.

அப்படி வந்த ஒன்றுதான் டா 152. 1944 கடைசியில் டாங்க் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது அமெரிக்க மஸ்டாங் விமானங்கள் துரத்தின. இவரிடம் சுட ஒன்றுமில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர்-மெத்தனால் கலவையைப் பீய்ச்சி வேகம் கூட்டும் பொத்தானை அழுத்தினார். துரத்தியவர்கள் பின்னால் புள்ளியாகிப் போனார்கள். அப்போது வயது 46. இன்ஜின் கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த விமானங்கள் எல்லாம் நாஜி ஆட்சியின் போருக்காகச் செய்யப்பட்டவை. ஃபோக்க-வுல்ஃப் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் கட்டாய வேலை பார்த்தார்கள். தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக இருந்தவர் டாங்க். அவருடைய திறமையைப் பேசும் கட்டுரைகள் பல இந்தப் பக்கத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அது சரியில்லை.

அர்ஜென்டினாவில் வேறு பெயரில்

போர் முடிந்ததும் ஜெர்மனி விமானம் செய்யவே தடை. பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா என்று பல பக்கமும் பேச்சு நடந்தது, எதுவும் படியவில்லை. 1947-ல் பெட்ரோ மத்தீஸ் என்ற பொய்ப் பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அங்கே அதிபர் யுவான் பெரோனுக்குச் சொந்த ஜெட் விமானம் வேண்டும். டாங்க்கின் பழைய கூட்டாளிகள் பலரும் பின்னாலேயே வந்தார்கள்.

(அவர் பெரோனிடம் ஒரு விஞ்ஞானியையும் சிபாரிசு செய்தார், ரொனால்ட் ரிக்டர். அந்த ரிக்டர் ஒரு தீவில் அணுக்கருப் பிணைவைச் சாதித்துவிட்டதாக 1951-ல் பெரோனே உலகத்துக்கு அறிவித்து, பிறகு அது ஒன்றுமில்லை என்று ஆகி மானம் போனது தனிக்கதை.)

கோர்டோபா நகரத்தில் டாங்க் குழு உருவாக்கிய ஜெட் விமானத்தின் பெயர் புல்கி-2. பூர்வகுடிகளின் மொழியில் அம்பு. பின்னோக்கி வளைந்த இறக்கை, வாலின் உச்சியில் கிடைமட்டத் தகடு. 1950 ஜூனில் முதலில் பறந்தது. 1951 பிப்ரவரியில் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் பெரோன் முன்னிலையில், கூட்டத்தின் தலைக்கு மேல் அதை ஓட்டிக் காட்டியவர் டாங்க்கேதான். அந்த மாசம் அவருக்கு 53 வயது நிறைந்தது.

அதோடு நல்ல செய்தி முடிந்தது. 1951 மே மாசம் இறக்கை முறிந்து ஒரு அர்ஜென்டினா விமானி இறந்தார். 1952 அக்டோபரில் ஓட்டோ பேரன்ஸ் இறந்தார். இவர் ஜெர்மனியிலேயே ஃபோக்க-வுல்ஃப் 190-ஐச் சோதித்துப் பண்படுத்தியவர், டாங்க்கோடு கடல் கடந்து வந்தவர். பெரோனுக்குக் காட்டப்போகும் சாகசக் காட்சிக்கான ஒத்திகையில்தான் அவர் விமானம் விழுந்தது.

காட்சிப் பறத்தல் ஏன் இவ்வளவு ஆபத்து?

2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் கண்காட்சியில் நம்ம தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. போரில் பறக்கிற விமானம் கண்காட்சியில் ஏன் விழணும்?

காரணம் உயரம். பத்தாயிரம் அடியில் விமானி ஒரு தப்பு செய்தால், அல்லது இயந்திரம் ஒரு நொடி தடுமாறினால், சரிசெய்ய நேரம் இருக்கிறது. காட்சியில் எல்லாமே கூட்டத்தின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நடக்கணும். மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 200 மீட்டர் போகும். 300 மீட்டர் உயரத்தில் அதன் மூக்கு 45 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் தரையைத் தொட இரண்டு விநாடிதான்.

இன்னொன்று, இறக்கையின் தன்மை. விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கி வளையும்போது ஒரு கட்டத்துக்கு மேல் இறக்கை மேல் காற்று ஒட்டாமல் பிய்ந்துவிடும். தூக்குவிசை போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். புல்கி போல வால்தகடு உச்சியில் இருக்கும் விமானத்தில், பிய்ந்த அந்தக் கலங்கிய காற்று நேராக வாலில் போய் அடிக்கும். வால் வேலை செய்யாவிட்டால் மூக்கைத் தாழ்த்தி மீள்வது ரொம்பக் கஷ்டம். அதுவும் தாழ்வான உயரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்.

புல்கி-2 ஐந்து மாதிரிகளோடு நின்றது. 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டாங்க் குழு சிதறியது. பலர் அமெரிக்கா போனார்கள். டாங்க் வந்தது இந்தியாவுக்கு.

பெங்களூரு வந்த டாங்க்

1956 ஆகஸ்டில் டாங்க் தன் உதவியாளர் லுட்விக் மிட்டல்ஹூபரோடு பெங்களூரு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மேலும் சில ஜெர்மன் பொறியாளர்கள். அன்றைய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், அதாவது இன்றைய எச்.ஏ.எல்., அதுவரை சொந்தமாக வடிவமைத்துத் தயாரித்த பெரிய விமானம் எச்.டி-2 என்ற புரொப்பல்லர் பயிற்சி விமானம். அங்கேயிருந்து ஒரே தாவலில் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகும் ஜெட். விமானப்படை கேட்டது அதைத்தான்: உயரத்தில் எதிரி விமானத்தை மறிக்கணும், தரையில் போய்த் தாக்கவும் செய்யணும், இரண்டும் ஒரே விமானம்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய இந்தியாவில் இதற்கான பரிசோதனை வசதிகளே குறைவு. டாங்க் செய்த வேலை புத்திசாலித்தனமானது. முழு அளவில், மரத்தாலேயே, இன்ஜின் இல்லாத ஒரு மாருத்தைக் கட்டச் சொன்னார். அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போய் மேலே விட்டுவிடுவார்கள். கிளைடராக இறங்கி வரும். 1959 மார்ச்சில் தொடங்கி, விங் கமாண்டர் ரோஷன் சூரி அதை எழுபது முறைக்கு மேல் பறந்து, விமானம் எப்படித் திரும்புகிறது, எப்படி இறங்குகிறது என்று ஜெட் வருவதற்கு முன்பே பதிவு செய்தார். இளமையில் பெர்லினில் கிளைடர் செய்த அனுபவம் பெங்களூருவில் கைகொடுத்தது.

1961 ஜூன் 17-ல் நிஜ மாருத் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கான பள்ளியில் பயிற்சி பெற்றவர். ஒரே வாரத்தில், ஜூன் 24-ல், பாதுகாப்பு அமைச்சர் வி.கே.கிருஷ்ண மேனன் முன்னிலையில் பொதுவெளியில் பறந்து காட்டினார். இந்தியா தானே செய்த ஜெட் போர் விமானம் தலைக்கு மேல் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அது சுதந்திர நாடு வயசுக்கு வந்த மாதிரி ஒரு நாள்.

விமானம் பார்க்கவும் அழகு. ஒல்லியான உடல், இடுப்பு ஒடுங்கி, இறக்கை பின்னால் சரிந்து, இரட்டை இன்ஜின். ஒலியை மிஞ்சப் பிறந்த உருவம். ஆனால் மிஞ்சவில்லை. ஏன்?

இன்ஜின் எங்கே போச்சு?

டாங்க் விமானத்தை வரைந்தது பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிவந்த ஆர்ஃபியஸ்-12 என்ற இன்ஜினை மனதில் வைத்து. ஆஃப்டர்பர்னரோடு அது ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ தள்ளுவிசை தந்திருக்கும். ஆஃப்டர்பர்னர் என்றால், இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்து இன்னும் வேகமாகத் தள்ளுவது.

அந்த இன்ஜினுக்கு ஐரோப்பாவில் வாங்க ஆள் இல்லாமல் போனது. வேலையை முடிக்க வேண்டுமென்றால் இந்தியா பணம் போடணும் என்றார்கள். இந்தியா மறுத்தது. அன்றைய அந்நியச் செலாவணி நெருக்கடியில் அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் விமானத்தின் உயிரே அந்த இன்ஜின் என்னும்போது, அதைக் கைவிட்டுவிட்டு உடலை மட்டும் கட்டிக்கொண்டே போனது எப்படிச் சரியாகும்?

கைக்கு எட்டியது ஆர்ஃபியஸ் 703. சின்ன நாட் விமானத்துக்காக பெங்களூருவிலேயே தயாரிக்கத் திட்டமிட்ட இன்ஜின். ஆஃப்டர்பர்னர் கிடையாது, தள்ளுவிசை சுமார் 2,200 கிலோ. தற்காலிகம் என்று மாட்டியது, கடைசிவரை அதுதான்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். சோவியத் இன்ஜின் பார்த்தார்கள். எகிப்தில் ஜெர்மன்-ஆஸ்திரியப் பொறியாளர்கள் செய்துகொண்டிருந்த இ-300 இன்ஜினுக்காக ஒரு மாருத்தை நைல் கரைக்கே அனுப்பிவைத்தார்கள். 1967-ல் அந்த இன்ஜினோடு அங்கே பறக்கவும் பறந்தது. 1969-ல் அதுவும் கைவிடப்பட்டது.

உள்நாட்டில் பெங்களூருவின் எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம், பழைய ஆர்ஃபியஸுக்கே ஒரு ஆஃப்டர்பர்னர் செய்து பொருத்தியது. 1970 ஜனவரி 10-ல் அந்த வகை மாருத்தோடு மேலெழும்பியவர் குரூப் கேப்டனாகியிருந்த சுரஞ்சன் தாஸ். கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. மாருத்தை முதலில் பறக்கவிட்டவரும் அவரே, அதைச் சரியாக்கும் முயற்சியில் உயிரை விட்டவரும் அவரே. பெங்களூருவில் பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய விமான நிலைய ரோட்டையும் இணைக்கிற சுரஞ்சன் தாஸ் ரோடு அவர் பெயரில்தான். தினமும் அதில் டிராஃபிக்கில் நிற்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

பின்னாளில் காவிரி இன்ஜினை எடுத்துக்கொண்டதும் அதே ஆய்வு நிறுவனம்தான்.

1971: பாலைவனத்தில் மாருத்

ஒலியை மிஞ்சாத மாருத்துக்கு வானத்தில் மறிக்கும் வேலை ஒத்துவரவில்லை. மிச்சமிருந்தது தரைத்தாக்குதல். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வேலைக்கு அது நல்ல விமானமாக இருந்தது. தரைக்குப் பக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடாமல், தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகும் என்று அதை ஓட்டிய விமானிகள் மத்தியில் பெயர். மூக்கில் நான்கு 30 மி.மீ. துப்பாக்கிகள், வயிற்றுக்குள் 50 ராக்கெட், இறக்கைக்கு அடியில் குண்டுகள். நான்கு துப்பாக்கியும் சேர்ந்து சுடும்போது மட்டும் அதிர்வுப் பிரச்சனை தொல்லை கொடுத்தது.

1967-ல் முதல் படைப்பிரிவு மாருத்தைப் பெற்றது. 1971 டிசம்பர் போரில் ராஜஸ்தான் எல்லையிலிருந்து இரண்டு வாரத்தில் 300-க்கும் மேற்பட்ட தாக்குதல் பயணங்கள். ரயில்கள், டாங்கிகள், எரிபொருள் கிடங்குகள் இலக்கு. ஒரு இன்ஜின் அடிபட்டு, மற்றொன்றை வைத்துக்கொண்டே தளம் திரும்பிய மாருத்துகள் உண்டு. தரையிலிருந்து சுட்டதில் சில விமானங்கள் போயின, ஆனால் வான்சண்டையில் ஒரு மாருத்கூட வீழ்த்தப்படவில்லை. பந்தயக் குதிரையாகச் செய்ய நினைத்தது, கடைசியில் டாங்க் இளமையில் விரும்பிய வண்டி மாடாகவே நிலைத்துவிட்டது.

கலாமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டில் டாங்க் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அக்னிச் சிறகுகள் படித்தவர்களாக இருப்பார்கள். அப்துல் கலாம் அதில் இவரையும் மாருத்தையும் குறிப்பிடுகிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அவர் விமானப் பொறியியலையே எடுத்தார். அங்கே அவரும் நண்பர்களும் சேர்ந்து செய்த புராஜெக்ட், தாழப் பறந்து தாக்கும் ஒரு போர் விமானத்தின் வடிவமைப்பு. வேலை மந்தமாக இருக்கிறது என்று இயக்குநர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்ததும், ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

படிப்பு முடிந்ததும் கலாம் பயிற்சிக்குப் போனது பெங்களூரு எச்.ஏ.எல். விமான வடிவமைப்பு படித்த பையனுக்கு அங்கே கிடைத்த வேலை என்ன தெரியுமா? இன்ஜின் பழுதுபார்ப்பு. அதே நிறுவனத்தில் அந்த நேரத்தில் டாங்க் குழு மாருத்தை வரைந்துகொண்டிருந்தது.

பிறகு?

ஜெர்மன் குழுவின் காலம் 1967-ல் முடிந்தது. மாருத்தின் அடுத்தடுத்த வடிவங்களுக்கான யோசனைகள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் கிடைக்காத ஏதோ ஒரு இன்ஜினை நம்பி இருந்தது. மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன, அதில் 18 இருவர் அமரும் பயிற்சி வகை. 1990 வாக்கில் கடைசி விமானமும் ஓய்வுபெற்றது. இடையில் எச்.ஏ.எல். வெளிநாட்டு விமானங்களை உரிமம் வாங்கித் தயாரித்துக்கொண்டிருந்தது. மாருத்தில் கைபழகிய வடிவமைப்பாளர்களுக்கு அடுத்த போர் விமானம் என்று உடனே ஒன்று வரவில்லை. அடுத்ததாக வந்த தேஜஸுக்குள் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. இந்த இடைவெளிதான் இன்ஜினைவிடப் பெரிய நஷ்டம் என்று தோன்றுகிறது.

டாங்க் ஜெர்மனி திரும்பி, அங்கே எம்.பி.பி. விமான நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5-ல் மியூனிக்கில் காலமானார். வயது 85. அதே மியூனிக்கை ஒட்டிய ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் இன்று ஒரு மாருத் நிற்கிறது, இந்திய விமானப்படை வட்டச் சின்னத்தோடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒன்று உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், விமானத்தின் பின்பக்கம் போய் அந்த இரண்டு இன்ஜின் வாய்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.